காராமணி முளைக்கும்போது கைவைக்காதீர்கள்

விதை முளைப்பதைக் கவனித்து நோட்டில் எழுதி வா என்று பள்ளியில் சொன்னால் வீட்டில் நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான். ஒரு கண்ணாடி டம்ளர், கொஞ்சம் பஞ்சு, சமையலறை டப்பாவில் கிடக்கும் ஏதோ ஒரு பயறு. நாலு நாளில் பஞ்சு நாற்றமெடுக்கும், பிள்ளை முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும், அப்புறம் பாடப்புத்தகத்துப் படம் அப்படியே நோட்டுக்கு வந்து சேரும். விதையைக் குறை சொல்லிப் பயனில்லை. பார்ப்பதற்கு முன்னால் நம் கை அவசரப்படுவதுதான் காரணம்.

முதல் தவறு விதையிலேயே தொடங்குகிறது. இணையத்தில் வரும் படங்களில் இருப்பது பெரும்பாலும் பீன்ஸ். அது 20 முதல் 25 டிகிரியில் சுகமாக வளரும்; ஓசூர்ப் பக்கத்துக் குளிர்ச்சி அதற்குச் சரி. கோடையில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டுகிற வேலூரில் அது திணறும். பள்ளி திறக்கும் ஜூனிலும் சூடு பெரிதாகக் குறைந்துவிடுவதில்லை. நம் மல்லாட்டை (நிலக்கடலை) கொல்லையில் ஊடுபயிராகப் போடும் காராமணியை எடுங்கள். இந்த வெயில் அதற்குப் பழகியது, முளைப்பதும் வேகம். உடைத்த பருப்பு வேண்டாம், உடைக்கும்போதே முளைக்கரு சிதைந்துவிடும். விதைக்கடையில் வாங்குவதென்றால் சிவப்பு, பச்சைச் சாயம் பூசிய விதையைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். அந்தச் சாயத்தோடு பூஞ்சைக்கொல்லி மருந்தும் இருக்கும்.

ஒரு இரவு ஊறினால் போதும். இரண்டு நாள் தண்ணீரிலேயே கிடந்தால் இந்தச் சூட்டில் புளித்துவிடும். முளைக்கிற விதை மூச்சுவிடும், அதற்குக் காற்று வேண்டும். பஞ்சை டம்ளரில் மிதக்கவிடுவதும் இதே தவறுதான். பிழிந்தால் சொட்டுகிற அளவுக்கு ஈரம் இருந்தால் அது அதிகம்.

தண்ணீரையும் ஒரு முறை யோசிக்க வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கங்களில் தோல் பதனிடும் கழிவால் நிலத்தடி நீர் கெட்ட ஊர்கள் பல. 1996-ல் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தீர்ப்பு வந்த விஷயம் இது. உப்பு மிகுந்த நீரில் விதை தண்ணீரை இழுக்கவே சிரமப்படும். எதனால் முளைக்கவில்லை என்று தெரியாமல் விதையை மாற்றி மாற்றிப் போடுவதை விட, ஒரு டம்ளரில் போர் தண்ணீர், இன்னொன்றில் பிடித்துவைத்த மழைத்தண்ணீர் என்று பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். விதை, வெளிச்சம், இடம் எல்லாம் ஒன்றாக இருக்கட்டும், தண்ணீர் மட்டும் மாறட்டும். ஒரே நேரத்தில் நாலை மாற்றினால் எது காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது.

விதையைப் பஞ்சுக்கு நடுவில் புதைத்துவிட்டுத் தினமும் தோண்டிப் பார்ப்பார்கள். இதைவிடப் பெரிய கெடுதல் இல்லை. செய்தித்தாளைச் சுருட்டி டம்ளருக்குள் விட்டு, கண்ணாடிக்கும் தாளுக்கும் இடையில் விதையைச் செருகினால் எதையும் தொடாமலே பார்க்கலாம். வேர் வெளிச்சத்தை விரும்பாது. அதனால் வெளியே கறுப்புத் தாளைச் சுற்றி வைத்து, பார்க்கும்போது மட்டும் கழற்றுங்கள்.

இரண்டு மூன்று நாளில் வேர் நுனிக்குச் சற்று மேலே வெள்ளையாக ஒரு படலம் தெரியும். பூஞ்சை பிடித்துவிட்டது என்று குழாயடியில் கழுவிவிடுகிறவர்களே அதிகம். பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். நுனி மொழுமொழுவென்று இருக்கும். அதற்கு மேலே ஒரு குறிப்பிட்ட நீளத்துக்கு மட்டும் மெல்லிய மயிர்கள் வேரைச் சுற்றி நெருக்கமாக நிற்கும். அவைதான் வேர்த்தூவிகள், தண்ணீரை உறிஞ்சுபவை. விரல் பட்டாலே அறுந்துவிடும், காற்றில் கொஞ்ச நேரம் இருந்தால் வாடிவிடும். பூஞ்சை இப்படி ஒழுங்காக நிற்காது. விதைத்தோல் மேலும் தாள் மேலும் கண்டபடி படரும், சாம்பலாகவோ கறுப்பாகவோ மாறும், வாடையும் வரும். இந்த வித்தியாசத்தை ஒரு பிள்ளை தானாகக் கண்டுபிடித்து எழுதினால் அந்த ஒரு பக்கமே போதும் என்பேன்.

மேலே வருகிற தண்டு கொக்கியாக வளைந்துதான் வரும். நிமிர்த்திவிடாதீர்கள். மண்ணை முட்டித் திறப்பது அந்த வளைவு. இளம் நுனி அதற்குள் பத்திரமாக இருக்கிறது. வெளிச்சம் பட்டதும் தானே நிமிரும். சில விதைகள் தோலைக் குல்லாவாக மாட்டிக்கொண்டு வரும். அதையும் பிய்க்க வேண்டாம், கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் நெகிழ்ந்து கழன்றுவிடும்.

முதலில் விரிகிற தடித்த இரண்டையும் இலை என்று எழுதுவது வழக்கமான பிழை. அவை விதையிலைகள், செடியின் கட்டுச்சோறு. காராமணியில் சில நாளிலேயே சுருங்கி உதிர்ந்துவிடும், அதைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை. அடுத்து எதிரெதிராக ஒரு ஜோடி ஒற்றை இலை, அதற்குப் பிறகுதான் மும்மூன்றாகப் பிரிந்த இலை. துவரையை விதைத்தவர்கள் நோட்டிலும் விதையிலை மண்ணுக்கு மேலே வந்ததாக இருந்தால், பார்த்து எழுதவில்லை என்று அர்த்தம். துவரையில் அது மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும்.

உயரமாக வளர்ந்ததே நல்ல செடி என்பதும் சரியில்லை. இருட்டு அலமாரியில் வைத்த செடி வெயிலில் வைத்ததைவிட உயரமாகப் போகும். வெளுத்து, நூலாகத் துவளும். அது வெளிச்சத்தைத் தேடி நீண்டது. உயரத்தோடு தண்டின் பருமன், இலையின் நிறம், இலை எண்ணிக்கையையும் குறித்துக்கொள்ளுங்கள். அளப்பது எப்போதும் மண் மட்டத்திலிருந்து, தினமும் ஒரே நேரத்தில். இன்று டம்ளர் விளிம்பிலிருந்து, நாளைக்கு மண்ணிலிருந்து என்று அளந்தால் செடி ஒரே நாளில் குள்ளமாகிவிடும்!

சாயங்காலம் இலைகள் கீழே தொங்குவதைப் பார்த்துத் தண்ணீரை ஊற்றிவிடுகிறார்கள். பயறுச் செடிகள் இரவில் இலையைத் தாழ்த்துவது இயல்பு. இலைக்காம்பின் மூட்டில் இருக்கும் சிறு புடைப்பில் நீர் அழுத்தம் மாறுவதால் வருவது அது. காலையில் பாருங்கள், நிமிர்ந்திருந்தால் எந்தக் குறையும் இல்லை. காலையிலும் துவண்டே இருந்தால் மண்ணைத் தொட்டுப் பார்த்து அப்புறம் ஊற்றலாம்.

ஒரே ஒரு விதை போடாதீர்கள். ஐந்தாறாவது வேண்டும். முளைக்காததையும் நோட்டில் எழுத வேண்டும். மதிப்பெண் குறையும் என்று அதை மறைக்கச் சொல்லிக் கொடுக்கிற பெற்றோரை என்ன சொல்வது!

பஞ்சிலும் தாளிலும் சத்து கிடையாது. விதையிலை வாடத் தொடங்கியதும் மண்ணுக்கு மாற்றிவிடுங்கள். வேரோடு ஒட்டிய தாளைப் பிரிக்காமல் அப்படியே நடுவது நல்லது. மூன்று நான்கு வாரம் கழித்து ஒரு செடியை மட்டும் எடுத்துப் பார்க்கலாம். பிடித்து இழுத்தால் பார்க்க வேண்டியதெல்லாம் மண்ணிலேயே தங்கிவிடும். மண்ணை நன்றாக நனைத்துக் கட்டியோடு எடுத்து வாளித் தண்ணீரில் அலசுங்கள். வேரில் சிறு முண்டுகள் தெரிந்தால் நோய் என்று தூக்கிப் போட வேண்டாம். விரலால் தள்ளினால் உதிர்ந்து வருவது வேர்முடிச்சு. வேரே வீங்கிப் பிரிக்க முடியாமல் இருந்தால் அது நூற்புழுவின் வேலை. வேர்முடிச்சை நகத்தால் கிள்ளி, உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதற்குள் இருக்கும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்குப் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.