சட்டத்தின் தமிழாக்கம் படிக்கிறீர்களா? பிரிவு எண்ணில் தொடங்குங்கள்

முதன்முதலில் ஒரு சட்டத்தின் தமிழாக்கத்தைப் படிக்க உட்கார்ந்தபோது, கையிலிருந்த கடிதத்தில் 15அ என்று இருந்ததை நான் 15(அ) என்று படித்துவிட்டேன். அரை நாள் போயிற்று. 15-ஆம் பிரிவில் (அ) என்று தொடங்கும் வரியைத் திருப்பித் திருப்பிப் படித்து, இதற்கும் கடிதத்துக்கும் என்ன சம்பந்தம் என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். சம்பந்தமே இல்லை. 15அ என்பது அடுத்த பக்கத்தில் தனியாக இருந்த வேறொரு பிரிவு.

சட்டத் தமிழில் பயமுறுத்துவது நீளமான சொற்கள்தான் என்று நினைப்போம். என் அனுபவத்தில் ஆளைக் கவிழ்ப்பவை எண்ணும், அடைப்புக்குறியும், சொல்லின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஓர் எழுத்தும்தான். அதனால் பொருளைத் தேடுவதற்கு முன் இடத்தைத் தேடிப் பழகுவோம்.

படி 1: எந்த மொழிப் பிரதி செல்லும்?

தமிழும் மூலமும் முரண்பட்டால் எது நிற்கும் என்பதை முதலில் பாருங்கள். இது நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் மத்தியச் சட்டங்களின் அதிகாரப்பூர்வப் பிரதி ஆங்கிலம். ஆனால் 1973-இல் வந்த ஒரு சட்டத்தின்படி, குடியரசுத் தலைவரின் அதிகாரத்தின்கீழ் அரசிதழில் வெளியான தமிழாக்கம், தமிழில் அதிகாரப்பூர்வமான பிரதியாகவே கருதப்படும். அரசிதழில் வராத தமிழாக்கத்துக்கு, யார் எவ்வளவு நன்றாகச் செய்திருந்தாலும், இந்தத் தகுதி கிடையாது. இலங்கையில் சட்டங்கள் சிங்களத்திலும் தமிழிலும் இயற்றப்படுகின்றன. அண்மைக்காலச் சட்டங்களில் கடைசிப் பிரிவுக்குப் போனால், முரண்பாடு இருந்தால் சிங்கள உரையே மேலோங்கும் என்று எழுதியிருப்பதைப் பெரும்பாலும் காணலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 24 அலுவல் மொழிகளுக்கும் சம மதிப்பு. அது வேறு மாதிரித் தலைவலி, கடைசியில் வருகிறேன்.

படி 2: எண்ணை முகவரி மாதிரி படியுங்கள்

12(3)(ஆ) என்றால் 12-ஆம் பிரிவு, அதில் 3-ஆம் உட்பிரிவு, அதில் (ஆ) கூறு. வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும். இது எளிது. சிக்கல் எழுத்துகளில் இருக்கிறது.

எண்ணோடு எழுத்து ஒட்டியிருந்தால், அதாவது 15அ என்றோ 15-அ என்றோ இருந்தால், அது பெரும்பாலும் பின்னாளில் திருத்தத்தில் நுழைத்த தனிப் பிரிவு. மற்றப் பிரிவுகளின் எண்களைக் கலைக்காமல் 15-க்கும் 16-க்கும் நடுவில் செருகியிருப்பார்கள். எழுத்து அடைப்புக்குறிக்குள் இருந்தால் அது 15-க்கு உள்ளே இருக்கும் கூறு.

இன்னொரு பொறி: ஆங்கில எழுத்தை ஒருவர் வரிசைப்படி மாற்றுவார், இன்னொருவர் ஒலிப்படி மாற்றுவார். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2015-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்த பிரிவை 66அ என்றும் எழுதலாம், 66ஏ என்றும் எழுதலாம். இரண்டும் ஒன்றுதான். ஆனால் அ, ஆ, இ, ஈ என்று வரிசையாகக் கூறுகளை அடுக்கிய சட்டத்தில் (ஏ) வந்தால் அது முதல் கூறு அல்ல, எட்டாவது. மூலத்தில் அதற்கு இணை ஆங்கில எச். ஆகவே முதல் வேலையாக, அந்தப் பிரிவின் கூறுகள் எந்த எழுத்தில் தொடங்குகின்றன, மொத்தம் எத்தனை என்று தமிழிலும் மூலத்திலும் எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை ஒத்துப்போகாவிட்டால் ஏதோ ஒரு பிரதி பழையது, அல்லது ஒரு வரி விடுபட்டிருக்கிறது.

படி 3: அது எந்தச் சட்டத்தின் பிரிவு?

'பிரிவு 5' என்று மொட்டையாக இருந்தால் அதே சட்டத்தின் 5-ஆம் பிரிவு என்று கொள்ளலாம். திருத்தச் சட்டத்தைப் படிக்கும்போது மட்டும் கவனம் தேவை. அதில் இரண்டு 5-ஆம் பிரிவுகள் நடமாடும்: திருத்தச் சட்டத்தின் 5 ஒன்று, முதன்மைச் சட்டத்தின் 5 இன்னொன்று. 'இச்சட்டம்', 'அச்சட்டம்' என்ற முதல் எழுத்தைப் பென்சிலால் வட்டமிடுங்கள்.

அப்புறம், சட்டமே மாறியிருக்கலாம். கொலைக்குத் தண்டனை என்றதும் இந்தியாவில் எல்லோர் வாயிலும் வருவது 302. அது பழைய தண்டனைச் சட்டத்தின் எண். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 103. அங்கேயும் ஒரு 302 இருக்கிறது. மத உணர்வைப் புண்படுத்தும் நோக்கத்தோடு பேசுவது பற்றியது! பழைய எண்ணைச் சுட்டும் வேறொரு சட்டம் இன்னும் திருத்தப்படாமல் இருந்தால் என்ன செய்வது? வேறு நோக்கம் தெரியாதவரை, மறுபடி இயற்றப்பட்ட அதே ஏற்பாட்டைச் சுட்டுவதாகப் படிக்க வேண்டும் என்று 1897-ஆம் ஆண்டின் பொது வாசகங்கள் சட்டம், 8-ஆம் பிரிவு சொல்கிறது.

செய்தித்தாள் பழக்கத்தையும் இங்கே ஓரமாக வையுங்கள். அரசமைப்பின் உறுப்பையும் (ஆங்கிலத்தில் ஆர்ட்டிகிள்) சாதாரணச் சட்டத்தின் பிரிவையும் அங்கே 'பிரிவு' என்றே எழுதிவிடுவார்கள்.

படி 4: வாக்கியத்தைக் கழற்றுங்கள்

பழகுவதற்காக நானே எழுதிய வரி இது:

'பிரிவு 12-க்கு உட்பட்டு, பதிவு செய்யப்பட்ட சங்கங்களும் நிறுவனங்களும், அறிவிப்பு கிடைத்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.'

தமிழில் வினை கடைசியில் வரும், ஆகவே கடைசியிலிருந்து தொடங்குங்கள். 'செய்யலாம்' என்பது உரிமை. 'செய்தல் வேண்டும்' என்றால் கடமை. இங்கே புதியவர்கள் வழுக்குவார்கள். 'லாம்' மேல்முறையீட்டுக்குத்தான், 30 நாளுக்கு அல்ல. செய்வதும் விடுவதும் உங்கள் விருப்பம், ஆனால் செய்வதென்றால் 30 நாட்களுக்குள் செய்தாக வேண்டும்.

'நாளிலிருந்து' என்றால் அந்த நாளும் சேருமா? மூலத்தில் இதற்கு எந்தச் சொல் இருக்கிறது, கணக்கிடும் முறையை எந்தச் சட்டம் சொல்கிறது என்று பார்க்க வேண்டும். இந்திய மத்தியச் சட்டங்களில் 'இருந்து' என்பதற்கான ஆங்கிலச் சொல் முதல் நாளை விலக்கிவிடும் (மேலே சொன்ன அதே பொது வாசகங்கள் சட்டம், பிரிவு 9). அறிவிப்பு மார்ச் 1 கிடைத்தால் மார்ச் 2 தான் முதல் நாள், மார்ச் 31 கடைசி நாள்.

அடுத்தது 'பதிவு செய்யப்பட்ட'. சங்கங்கள் மட்டுமா, நிறுவனங்களுமா? தமிழில் அடைமொழி முன்னால் நிற்பதால், அது எவ்வளவு தூரம் எட்டும் என்று வாக்கியத்தைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. இரண்டு சோதனைகள் செய்யலாம். சொற்களை இடம் மாற்றி 'நிறுவனங்களும் பதிவு செய்யப்பட்ட சங்கங்களும்' என்று படித்து, சட்டத்தின் மற்ற இடங்களோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். பிறகு மூலத்தில் அந்த அடைமொழி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். மூலத்திலும் இதே குழப்பம் இருந்தால் அது மொழிபெயர்ப்பாளர் குற்றமல்ல.

'உட்பட்டு' என்பதைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். 'பிரிவு 12-க்கு உட்பட்டு' என்றால் 12 மேலே, இது கீழே. இரண்டும் மோதினால் 12 வெல்லும். 'பிரிவு 12 உட்பட' என்றால் 12-உம் சேர்த்து என்று பொருள். வேகமாகப் படிக்கும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். இதற்கு நேர் எதிராக நிற்பது 'எது எவ்வாறிருப்பினும்' வகை வாசகம்: அது வந்த பிரிவு மற்றதை வெல்லும். பிரிவின் அடியில் 'ஆனால்' என்றோ 'வரம்புரையாக' என்றோ தனிப் பத்தி இருந்தால், அது மேலே சொன்னதற்கு விதிவிலக்கோ நிபந்தனையோ சொல்லும். அதையும் படித்துவிட்டே பக்கத்தைத் திருப்புங்கள்.

படி 5: அகராதிக்கு முன் வரையறைப் பிரிவு

'நபர்' என்பதில் நிறுவனமும் அடங்கலாம். 'என்று பொருள்படும்' என்றால் பட்டியல் அத்தோடு முடிந்தது. 'உள்ளடக்கும்' என்றால் வேறு சிலவும் சேரலாம். ஒரே சட்டத்தில் ஓரிடத்தில் 'ஆணை', இன்னோரிடத்தில் 'உத்தரவு' என்று வந்தால் உடனே இரண்டு பொருள் கற்பிக்காதீர்கள். மூலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்லாக இருக்கலாம்.

படி 6: இரண்டு மொழியும் நிஜமாகவே முரண்பட்டால்

1969-இல் ஐரோப்பிய நீதிமன்றத்துக்கு ஒரு வெண்ணெய் வழக்கு வந்தது. தேங்கிப்போன வெண்ணெயைச் சமூக உதவி பெறுபவர்களுக்கு மலிவாகக் கொடுக்கச் சொல்லி ஒரு முடிவு வெளியானது. ஜெர்மன் பிரதியின்படி, வாங்குபவரின் பெயர் போட்ட சீட்டு வேண்டும். பிரெஞ்சுப் பிரதியிலோ, யாருக்குரியது என்று அடையாளம் காணும்படியான சீட்டு என்று மட்டுமே இருந்தது. ஜெர்மனியின் உல்ம் நகரவாசி ஒருவர், உதவி வாங்கிப் பிழைப்பவன் என்று கடைக்காரருக்குத் தெரியும்படி என் பெயரை ஏன் காட்ட வேண்டும் என்று வழக்குப் போட்டார். நீதிமன்றம் ஒரு மொழிப் பிரதியைத் தனியே வைத்துப் பார்க்கவில்லை. எல்லாப் பிரதிகளையும் சேர்த்து, நோக்கத்தையும் பார்த்து, நோக்கத்துக்குப் போதுமானதாக இருந்தால் சுமை குறைந்த பொருளையே எடுக்க வேண்டும் என்றது. பெயர் கட்டாயமல்ல.

எல்லா மொழிக்கும் சம மதிப்புள்ள இடத்தில் இந்த வழி. ஒரு மொழி மேலோங்கும் என்று படி 1-இல் கண்டிருந்தால் வேலை சுருக்கம்: அந்த மொழியில் அதே பிரிவை எடுத்து, முரண்படும் சொல்லைத் தமிழ்ச் சொல்லுக்குப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். சட்டத்தின் பெயர், ஆண்டு, பிரிவு எண், நீங்கள் பார்த்த பிரதி எந்தத் திருத்தம் வரைக்கும் உள்ளது என்பதையும் அதே தாளில் குறித்துவிடுங்கள். பணமோ கெடுவோ வழக்கோ சம்பந்தப்பட்டிருந்தால் அந்தத் தாளோடு வழக்கறிஞரிடம் போகலாம். அவர் கேட்கும் முதல் நாலு கேள்விக்கும் பதில் அதிலேயே இருக்கும்.