மெடலுக்குப் பிறகு: குண்டு எறிந்த கை பயிற்சியிலும் தொழிலிலும் இறங்குவது எப்படி?

பல்கலைக்கழகப் போட்டியில் குண்டு எறிந்து ஜெயித்துவிட்டு ரயில்வே ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு எழுதிப்போட்டுக் காத்திருக்கும் தம்பி தங்கச்சிகள் என்னிடம் கேட்பது இதுதான்: "அக்கா, கோச்சிங் ஆரம்பிக்கலாமா, கடை போடலாமா?" இரண்டையும் சேர்த்துச் செய்யுங்கள் என்பேன். ஓட்டத்துக்குப் பிள்ளைகள் கூட்டமாக வருவார்கள். குண்டு தூக்க நாலைந்து பேர்தான் வருவார்கள். அந்தப் பயிற்சிக் கட்டணத்தில் வீட்டு வாடகை கட்ட முடியாது. ஆனால் பள்ளிகளில் இருக்கும் குண்டும் வட்டும் பாதிக்கு மேல் எடை தப்பியவை. உங்கள் தொழில் அங்கே இருக்கிறது.

முதலில் தகுதி. மெடல் சர்டிபிகேட்டைக் காட்டிப் பயிற்சியாளர் வேலை கேட்க முடியாது. பாட்டியாலாவில் இருக்கும் தேசிய விளையாட்டுப் பயிற்சி நிறுவனமான என்.ஐ.எஸ்.ஸில் டிப்ளமோ இருக்கிறது. அவ்வளவு நாள் போக முடியாதவர்களுக்கு ஆறு வார சர்டிபிகேட் கோர்ஸ் இருக்கிறது. பள்ளி வேலைதான் குறி என்றால் உடற்கல்விப் பட்டமான பி.பி.எட். முடியுங்கள். அரசு மைதானத்தில் தனியாகப் பயிற்சி நடத்த மாவட்ட விளையாட்டு அலுவலரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய் வார்த்தை அடுத்த அலுவலர் வரும்வரைதான் செல்லும்.

மைதானத்தில் காலை நடைக்கு வரும் பெரியவர்கள் போனில் பேசிக்கொண்டே எறியும் பகுதிக்குள் நடப்பார்கள். கயிறு கட்டுங்கள், ஒரு பிள்ளையை விசிலோடு நிறுத்துங்கள். எல்லாரும் எறிந்து முடித்த பிறகே சாமானை எடுக்கப் போக வேண்டும். எடுத்ததைக் கையில் கொண்டுவர வேண்டும், திருப்பி எறியக் கூடாது. இதில் மட்டும் நான் யாருக்கும் சலுகை கொடுப்பதில்லை.

பயிற்சியில் பெற்றோர் அவசரப்படுவார்கள். 18 வயதுக்குட்பட்ட பெண்களுக்கு 3 கிலோ, பையன்களுக்கு 5 கிலோ என்பதுதான் விதி. "பெரிய குண்டைப் போட்டால் பலம் வரும்" என்று பெண் பிள்ளைக்கு 4 கிலோவைக் கொடுக்கச் சொல்லும் அப்பாக்கள் உண்டு. கொடுத்தால் முழங்கை கீழே இறங்கும், குண்டு கழுத்தை விட்டு விலகும், பிள்ளை கிரிக்கெட் பந்துபோல எறியப் பழகிவிடும். குண்டு உள்ளங்கையில் உட்காராமல் விரல்களின் அடியில் நிற்க வேண்டும். எறியும்போது கை தோள் கோட்டுக்குப் பின்னால் போகக் கூடாது. நின்ற இடத்திலிருந்து எறிவது படிந்த பிறகு கிளைடு, அதாவது வட்டத்துக்குள் பின்னோக்கிச் சறுக்கி வந்து எறிவது. சுழன்று எறிவதை யூடியூபில் பார்த்துவிட்டு முதல் வாரமே கேட்பார்கள், நான் சொல்லிக்கொடுப்பதில்லை.

இனி சாமான். மீரட்டிலிருந்தும் ஜலந்தரிலிருந்தும் வரவழைத்து விற்கலாம், ஆனால் குண்டுக்கு லாரி வாடகையே லாபத்தைத் தின்றுவிடும். கோயம்புத்தூரில் இரும்பு வார்க்கும் பவுண்டரிகளுக்குப் பஞ்சமில்லை. வார்ப்பிரும்பில் ஊற்றி லேத்தில் கடைந்தால் வளர்ந்த பெண்கள் எறியும் 4 கிலோ குண்டின் விட்டம் ஏறக்குறைய 102 மி.மீ. வரும். பெண்கள் குண்டுக்கு விதி கேட்பது 95 முதல் 110 மி.மீ., ஆக அளவில் சிக்கல் இல்லை. சிக்கல் எடையில்தான். விட்டத்தில் ஒரே ஒரு மி.மீ. கூடுதலாகக் கடைந்தால் கிட்டத்தட்ட 120 கிராம் போய்விடும். 4 கிலோவுக்கு ஒரு கிராம் குறைந்தாலும் போட்டியில் தூக்கி ஓரமாக வைத்துவிடுவார்கள். அதனால் லேத்காரர் பக்கத்திலேயே எலக்ட்ரானிக் தராசோடு நில்லுங்கள். 4.020 காட்டும்போது நிறுத்தச் சொல்லுங்கள். தேய்மானத்துக்கு அந்த 20 கிராம் வேண்டும். வார்ப்புக்குள் காற்றுக்குமிழி இருந்தால் சரியான விட்டத்திலும் எடை குறைவாகக் காட்டும். அப்படிப்பட்டதைப் பயிற்சிக் குண்டு என்று சொல்லியே குறைந்த விலைக்குக் கொடுங்கள்.

தன் கையிலிருந்த சாமானிலிருந்து தொழிலுக்குப் போனவர்களில் எனக்குப் பிடித்தவர் அமெரிக்கர் பட் ஹெல்ட். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்காக ஈட்டி எறிந்து கல்லூரிகளின் தேசியப் பட்டத்தை 1948, 1949, 1950 என்று மூன்று வருடமும் வென்றவர். 1953இல் 80.41 மீட்டர் எறிந்து உலக சாதனை படைத்தார். அதற்கு முன் 80 மீட்டரை யாரும் தாண்டியதில்லை. இன்னும் நன்றாக மிதக்கும்படி ஈட்டியின் தண்டைப் பருமனாக்கி வடிவமைத்தார். பின்னாளில் எக்டெலான் என்ற கம்பெனி தொடங்கி சுவரில் பந்தடித்து ஆடும் ராக்கெட்பால் விளையாட்டுக்கு மட்டை செய்து விற்றார்.

விற்பனைக்கு வருவோம். சிறுதொழிலுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம், ஆன்லைனில் நீங்களே செய்யலாம். ஏஜென்ட்டுக்குக் காசு கொடுக்காதீர்கள். பள்ளிகளுக்கிடையிலான குறுவட்டப் போட்டி தொடங்குவதற்கு முன்பே பள்ளிகளுக்குப் போய்விடுங்கள், ஆரம்பித்த பிறகு பி.டி. சாரைப் பிடிக்க முடியாது. தராசைக் கையோடு எடுத்துப்போய் அவர்களிடம் இருக்கும் பழைய குண்டை அவர் கண்ணெதிரே எடை போட்டுக் காட்டுங்கள். வேறு விளம்பரம் தேவையில்லை.

பள்ளிகள் பெரும்பாலும் மூன்று கொட்டேஷன் கேட்கும். சரக்கு இறக்கியதும் டெலிவரி சலானில் தலைமையாசிரியரின் கையெழுத்தும் சீலும் வாங்காமல் கேட்டைத் தாண்டாதீர்கள். ஒரு பள்ளியில் ஆள் மாறிவிட, என் பணம் ரொம்ப நாள் தொங்கியது. அந்தச் சலானை வைத்துத்தான் வாங்கினேன். பில்லை பிப்ரவரிக்குள் கொடுத்துவிடுங்கள். மார்ச் 31 தாண்டினால் அந்த வருட நிதி போய்விட்டது என்பார்கள்.