சென்னை – பலாலி ஒண்டேகால் மணித்தியாலம்தான், ஆனா இந்திய விசாவை எடுத்துப்போட்டு வெளிக்கிடுங்கோ

லண்டன்ல இருந்து ஊருக்குப் போற ஆக்களுக்குச் சொல்லுறன். ஆகாயத்தால அளந்தால் சென்னையில இருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி விமானநிலையம் கிட்டத்தட்ட 355 கிலோமீற்றர், ஏ.டி.ஆர். 72 எண்ட காத்தாடி வைச்ச சின்னப் பிளேன், ஒண்டேகால் மணித்தியாலத்தில இறக்கிவிட்டிடும். திருச்சி இன்னும் கிட்ட, 185 கிலோமீற்றர் வரும். கொழும்புக்குக் கிட்ட கட்டுநாயக்காவில இறங்கி புத்தளம், அனுராதபுரம், வவுனியா எண்டு வான் பிடிச்சு றோட்டால போனால் ஏழெட்டு மணித்தியாலம் இடுப்பு முறியும். கணக்குப் பார்த்தால் ஆரும் சென்னையாலதான் போவினம், நானும் அப்பிடித்தான் போட்டனான்.

அம்மான்ர செத்தவீட்டுக்கு என்னால போகேலாமப் போச்சு. 31ஆம் நாள் செய்யிற அந்தியேட்டிக் கிரியைக்காவது நிக்கவேணும், மூத்தவன் நான்தானே எண்டு ரெண்டு டிக்கெட் தனித்தனியா எடுத்தன், லண்டன் – சென்னை ஒண்டு, சென்னை – பலாலி ஒண்டு. டிக்கெட் போட்டுத் தந்தவையிட்ட விசா வேணுமோ எண்டு கேட்டன், உள்ளுக்கையே மாறலாம், தேவையில்லை எண்டிச்சினம். நம்பினன். ஹீத்ரோவில கவுன்டர்ல நிண்ட பிள்ளை பாஸ்போட்டை ஒவ்வொரு பக்கமாத் தட்டிப் பார்க்குது, திரும்ப முதல் பக்கத்துக்கு வருது, பிறகு கேக்குது இந்திய விசா எங்க எண்டு. ரெண்டு டிக்கெட்டும் வேற வேற எண்டால் சென்னையில இமிக்கிரேஷன் தாண்டி வெளிய வந்து பெட்டி எடுத்துத் திரும்பவும் போடவேணும், விசா இல்லாம ஏத்தேலாது. அம்மான்ர 31 எண்டு சொன்னன், அந்தப் பிள்ளைக்கும் கண் கலங்கினது, ஆனா ஏத்தேல்ல. இ-விசாவுக்குக் குறைஞ்சது நாலு நாளைக்கு முன்னம் விண்ணப்பிக்கவேணும். எனக்கு முழுசா ஒரு மாசம் இருந்தது. அதை நினைச்சால் இப்பவும் நெஞ்சுக்க என்னவோ செய்யுது.

அடுத்த நாள் கொழும்புக்கு டிக்கெட் எடுத்தன். 31 அண்டு காலமை நான் இன்னும் புத்தளம் தாண்டேல்ல, தம்பி கீரிமலையில ஈர வேட்டியோட கடலுக்க இறங்கிறதை ஆரோ போனில காட்டிச்சினம், ஐயர் மந்திரம் சொல்லுறது விட்டுவிட்டுக் கேக்குது, கையில தர்ப்பை தெரியுது, பிறகு சிக்னல் போட்டுது. பலாலியில இறங்கியிருந்தால் கீரிமலை பக்கத்திலதான்.

அதால முதல் விசா, பிறகு டிக்கெட். ஏலுமெண்டால் ரெண்டையும் ஒரே புக்கிங்கில போடுங்கோ. சின்னப் பிளேனுக்குப் பெட்டி நிறை குறைவு, அதையும் பாருங்கோ. போற டிக்கெட்டில ஏறாட்டில் திரும்பிற டிக்கெட்டையும் வெட்டிப்போடுவினம், எனக்கு அதுவும் நடந்தது.

1947 டிசம்பர்ல ஏர் சிலோன் முதல்முதல் ஓடினதே இரத்மலானை – காங்கேசன்துறை – மெட்ராஸ் எண்டுதான். பிறகு சண்டை, 90ல சனம் முழுக்க எழும்பி ஓடினது, பலாலியைச் சுத்தி ஆமின்ர உயர் பாதுகாப்பு வலயம். 2019 ஒக்டோபர்ல தான் சர்வதேச விமானநிலையம் எண்டு திறந்தவை, கொரோனாவில நிண்டு 2022 டிசம்பர்ல திரும்பத் தொடங்கினது. தங்கட காணி எப்ப விடுவினம் எண்டு பார்த்துக்கொண்டிருக்கிற சனம் இன்னும் அங்க இருக்கு, ஓடுபாதையில இறங்கேக்க அதையும் நினையுங்கோ.

திரும்பேக்க விசா எடுத்துப் பலாலியாலதான் வந்தனான். இடப்பக்க ஜன்னல் கேட்டு எடுத்தன். ஏறினவுடனேயே கடல், மேற்க கீரிமலைப் பக்கத்துக் கரை வெள்ளையாத் தெரிஞ்சுது, கண்ணுக்கு மறையுமட்டும் பார்த்துக்கொண்டிருந்தன்.