வேல்யூவர் அலுவலக மென்பொருள்: எது கிளவுடில், எது சொந்தக் கணினியில்

சொத்து மதிப்பீட்டுக்கு மென்பொருள் வாங்கப் போகிறவர்கள் கிளவுடா, டெஸ்க்டாப்பா என்று மொத்தமாக முடிவெடுக்கத் தேவையில்லை. ஒரு ரிப்போர்ட் நான்கு கட்டங்களைக் கடந்து வருகிறது: சைட்டில் எடுக்கும் போட்டோவும் அளவும், பத்திரம்-பட்டா சரிபார்ப்பு, கணக்கீடு, கையொப்பமிட்ட பிடிஎஃப். முதல் இரண்டும் கிளவுடில் இருந்தால் வேலை விரைவாக நகரும். கடைசி இரண்டும் உங்கள் கணினியில் இருப்பதே நல்லது. தனியாளாக வேலை செய்பவருக்கு டெஸ்க்டாப் மென்பொருளும் போட்டோ ஏற ஒரு கிளவுடு ஃபோல்டரும் போதும். சைட்டுக்கு இரண்டு இன்ஜினியர்கள் போய், ரிப்போர்ட்டை வேறொருவர் தட்டச்சு செய்யும் அலுவலகத்துக்கு மட்டும் கணக்கீடு உட்பட முழு கிளவுடு மென்பொருள் பொருந்தும், கையொப்பம் அங்கும் சொந்தக் கணினியில்தான்.

அமெரிக்க அப்ரெய்சல் மென்பொருள்களை விளம்பரம் பார்த்து வாங்கிவிடாதீர்கள். அவை அந்நாட்டு வீட்டுக்கடன் நிறுவனமான ஃபேனி மேயின் 1004 மதிப்பீட்டுப் படிவம் போன்றவற்றைச் சுற்றிக் கட்டப்பட்டவை. நம் வங்கிகள் ஒவ்வொன்றும் தன் படிவத்தை வேர்டிலோ எக்செல்லிலோ தருகிறது. அந்தப் படிவத்தை அப்படியே ஏற்றி நிரப்ப முடிகிறதா என்பதே முதல் சோதனை.

சைட்டில்

ஒரு ஃபிளாட்டுக்கு 20 போட்டோ, ஒன்று 4 எம்பி என்றால் 80 எம்பி. மாதம் 60 சைட் போனால் கிட்டத்தட்ட 5 ஜிபி. இலவச 15 ஜிபி கணக்கு மூன்று மாதத்தில் நிரம்பிவிடும். செயலியில் போட்டோவின் நீளப்பக்கத்தை 1600 பிக்சலாகக் குறைத்தால் ரிப்போர்ட்டுக்குத் தெளிவு போதும், அளவும் வெகுவாகக் குறையும்.

அடுத்து, போனை ஏரோப்பிளேன் மோடில் வைத்து ஒரு முழு இன்ஸ்பெக்‌ஷனைச் செய்து பாருங்கள். பேஸ்மென்ட் பார்க்கிங்கில் சிக்னல் இருக்காது. எழுதிய அளவுகள் போனிலேயே தங்கி, நெட் வந்ததும் தானாக ஏற வேண்டும். சேமி பொத்தானை அழுத்தியதும் பிழை காட்டி எழுதியதை விழுங்கும் செயலி வேண்டாம்.

வங்கிகள் அட்சரேகை, தீர்க்கரேகையுடன் போட்டோ கேட்கின்றன. கட்டடத்துக்குள் ஜிபிஎஸ் கிடைக்காதபோது பல செயலிகள் கடைசியாகத் தெரிந்த இடத்தையே பதித்துவிடும். முந்தைய சைட் அடையாறு, இப்போது நிற்பது பெரம்பூர் என்றால் ரிப்போர்ட் திரும்பி வரும். தெருவாசலில் நின்று, துல்லியம் 10 மீட்டருக்குள் வந்த பிறகே முதல் போட்டோ எடுங்கள். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் கோப்புக்குள் இருக்கும் இடத்தகவல் அழிந்துவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் தங்கும். படத்தின் மேலேயே அச்சாகும் முத்திரைக்கு இந்தச் சிக்கல் இல்லை.

கணக்கீட்டைச் சோதிக்கும் வழி

டெமோவில் விற்பனையாளர் தரும் உதாரணத்தை நம்பாமல், உங்கள் பழைய ரிப்போர்ட் ஒன்றை உள்ளிடுங்கள். பட்டாவில் 0 ஹெக்டேர் 02.23 ஏர் என்றிருந்தால் அது 223 சதுர மீட்டர். 10.764ஆல் பெருக்கினால் 2,400 சதுர அடி, அதாவது ஒரு கிரவுண்டு. கிரவுண்டும் சென்ட்டும் மென்பொருளில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. சிலவற்றில் 435 என்று போட்டு வைத்திருப்பார்கள். மனை பெரிதாகும்போது வித்தியாசமும் பெருகும்.

தேய்மானத்துக்கு இதைக் கொடுங்கள்: 1,500 சதுர அடி ஆர்சிசி கட்டடம், வயது 20, ஆயுள் 60, எச்ச மதிப்பு (ஆயுள் முடிந்தபின் மிஞ்சுவது) 10 சதவீதம், மாற்றுச் செலவு (இன்று புதிதாகக் கட்ட ஆகும் செலவு) சதுர அடிக்கு 2,400 ரூபாய். நேர்க்கோட்டு முறையில் ஆண்டுக்கு 1.5 சதவீதம், 20 ஆண்டுக்கு 30 சதவீதம். விடை 25,20,000 ரூபாய் வர வேண்டும். 2,520,000 என்று காற்புள்ளி விழுந்தால் இந்திய எண்முறை இல்லை என்று பொருள். தொகையை எழுத்தால் எழுதும் இடத்திலும் அது மில்லியன் கணக்கில்தான் போகும்.

ஃபிளாட்டில் யுடிஎஸ்ஸை, அதாவது நிலத்தில் பிரிக்கப்படாத பங்கை, தனிப் புலமாகக் கேட்கிறதா என்றும் பாருங்கள். நிலத்தையும் கட்டடத்தையும் பிரித்து மதிப்பிடும்போது அதைக் குறிப்புப் பெட்டியில் எழுதி ஒப்பேற்ற முடியாது. கைடுலைன் மதிப்பை (பத்திரப் பதிவுக்கு அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு) பொறுத்தவரை, மென்பொருளில் ஏற்றிவைத்த பட்டியலை நம்பாமல் ஒவ்வொரு முறையும் பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் பார்த்து, பார்த்த தேதியோடு பக்கத்தைச் சேமியுங்கள்.

தமிழ் எழுத்துரு

டெஸ்க்டாப்பிலிருந்து கிளவுடுக்கு மாறும்போது பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். சொத்து விவரத்தை வானவில் போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்புகள் இன்னும் புழங்குகின்றன. அந்த எழுத்துரு நிறுவிய கணினியில் சரியாகத் தெரிவது, பிரவுசரில் ஒட்டியதும் ஆங்கிலக் குறிகளின் குவியலாகிவிடும். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக்குறி முறையான யூனிகோடைத் தமிழக அரசு 2010-இல் ஏற்றது. கிளவுடு மென்பொருளுக்கும் யூனிகோடுதான் வேண்டும். என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற கருவியால் மாற்றி, நான்கு எல்லை விவரத்தையும் சர்வே எண்ணையும் மூலப்பத்திரத்தோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். கொம்பு இடம் மாறுவது எளிதில் கண்ணில் படும். உட்பிரிவு எண் மாறினால் படாது.

கையொப்பம்

டிஎஸ்சி எனப்படும் டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழ் உள்ள யுஎஸ்பி டோக்கன் உங்கள் கணினியில்தான் செருகப்படுகிறது. பிடிஎஃப்பை அங்கேயே இறக்கிக் கையொப்பமிடுங்கள். அதன்பின் அளவைக் குறைப்பதோ பக்கம் சேர்ப்பதோ கூடாது. செய்தால் கையொப்பம் செல்லாது என்று காட்டும். முதலில் 15 எம்பிக்குள் சுருக்கி, பிறகு கையொப்பமிடுவதே சரியான வரிசை. ஜிமெயில் வரம்பு 25 எம்பி என்றாலும், இணைப்பு அனுப்பும்போது மூன்றில் ஒரு பங்கு வீங்கும்.

பேக்கப்

கிளவுடு ஃபோல்டரில் கோப்பு இருப்பதை பேக்கப் என்று எண்ண வேண்டாம். ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீய மென்பொருள்) கணினியில் பூட்டிய கோப்பு அப்படியே கிளவுடுக்கும் ஏறும். கூகுள் டிரைவில் வேர்டு, எக்செல் கோப்புகளின் பழைய வடிவம் 30 நாள் வரைதான் இயல்பாகத் தங்கும். டெஸ்க்டாப் மென்பொருள் மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் டேட்டாபேஸில் ஓடினால், அந்தக் கோப்பை ஒத்திசைக்கும் ஃபோல்டரில் வைக்கவே கூடாது. திறந்திருக்கும்போதே பாதி ஏறிக் கெட்டுப்போகும். மென்பொருளை மூடிவிட்டு நகலை மட்டும் ஏற்றுங்கள்.

இரண்டு எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கி, ஒன்றை வேறு பகுதியில் வையுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி போன்ற இடங்களில் தரைத்தளம் மூழ்கியது. 2016 வர்தா புயலில் மின்சாரமும் நெட்டும் போயின. அப்போது கிளவுடை மட்டும் நம்பிய அலுவலகத்துக்கும் வேலை நின்றுவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை, முடியாத கேஸ் கோப்புகளைத் தினமும் மாலை லேப்டாப்பில் இறக்கி வைப்பது நல்லது.

கம்பெனிகள் சட்டத்தின் 2017 பதிவுபெற்ற மதிப்பீட்டாளர் விதிகள், ஒவ்வொரு பணியின் ஆவணங்களையும் முடிந்த நாளிலிருந்து குறைந்தது 3 ஆண்டு வைத்திருக்கச் சொல்கின்றன. வீட்டுக்கடன் 20 ஆண்டு ஓடும். வாராக்கடனாகும்போது பழைய ரிப்போர்ட்டைத்தான் தோண்டுவார்கள். எதையும் அழிக்காதீர்கள்.

ஒப்பந்தத்துக்கு முன்

ஒரு பயனருக்கு மாதம் 1,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மூன்று பேருக்கு மூன்று ஆண்டில் 1,08,000. 18 சதவீத ஜிஎஸ்டியுடன் 1,27,440. இதை டெஸ்க்டாப் உரிமம், ஆண்டுப் பராமரிப்பு, டிஸ்க் ஆகியவற்றின் கூட்டுத்தொகையோடு ஒப்பிடுங்கள். டெஸ்க்டாப் பக்கம் கணினியின் வயதையும் சேருங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்பு 2025 அக்டோபர் 14-உடன் நின்றது.

கடைசியாக, இலவச சோதனைக் காலத்திலேயே பத்து கேஸ்களை வெளியே எடுத்துப் பாருங்கள்: ரிப்போர்ட் வேர்டிலும் பிடிஎஃப்பிலும், மதிப்பு விவரம் சிஎஸ்வியிலும் (எக்செல்லில் திறக்கும் எளிய அட்டவணைக் கோப்பு), போட்டோ அசல் பெயரோடும் வர வேண்டும். சந்தா நின்றபின் எத்தனை நாள் தரவு இருக்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். மின்னஞ்சலில் எழுதித் தரத் தயங்கும் நிறுவனத்திடம் வாங்க வேண்டாம்.