கார்பார்க்கில் விண்ட்ஸ்கிரீன் கல்லடி அடைக்க எந்த பேட்டரி?

பேட்டரி வாங்கப் போனால், பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் எம்ஏஎச் (மில்லியாம்பியர்-அவர்) எண்ணை வைத்து முடிவெடுக்காதீர்கள். கல்லடி அடைப்பது என்றால், விண்ட்ஸ்கிரீனில் கல் பட்டு விழுந்த சிறு குழியில் ரெசின் என்ற பிசினை ஏற்றி யூவி (புற ஊதா) விளக்கால் இறுக்குவது. அந்த வேலை அப்படி ஒன்றும் மின்சாரத்தைக் குடித்துவிடாது. ஆனால் அன்றைய கடைசிக் காரில், கடைசி யூவி விளக்கு அணையும்வரை வோல்டேஜ் இறங்காமல் நிற்க வேண்டும். விளக்கு மங்கினால் ரெசின் மேலே இறுகி, உள்ளே பிசுபிசுப்பாகவே இருந்துவிடும். அந்த இடத்திலேயே கண்டுபிடிக்காவிட்டால், மேல்குழியில் அடைத்த ரெசின் பிறகு பெயர்ந்துவரும்.

வேன் எஞ்சினை ஓடவிட்டு இன்வெர்ட்டரில் வேலை பார்க்கலாமே என்று சிலர் கேட்பதுண்டு. நிறுத்திய வண்டியின் எஞ்சினை ஓடவிடுவதற்கு எதிராகச் சிங்கப்பூரில் சட்டமே இருக்கிறது. காண்டோ பேஸ்மென்டில் புகையும் தேங்கும். வீவக (அரசு அடுக்குமாடி வீடுகள்) பலமாடி கார்பார்க் தூணில் இருக்கும் பிளக் பாயின்டில் அனுமதியில்லாமல் செருகாதீர்கள். வாடிக்கையாளர் காரின் லைட்டர் சாக்கெட்டும் வேண்டாம். பல கார்களில் இக்னிஷனை அணைத்ததும் அதுவும் அணைந்துவிடும். அணையாத காரில் பேட்டரி பழசாக இருந்தால், வேலை முடிந்தபின் கார் ஸ்டார்ட் ஆகாது, பழி உங்கள் மேல்தான் விழும்.

முதலில் கணக்கு

ஒவ்வொரு கருவியின் வாட்டையும் அது ஓடும் நேரத்தால் பெருக்கினால் வாட்-அவர் கிடைக்கும். ஒரு கல்லடிக்கு ஏறத்தாழ இப்படி வரும்:

கல்லடிக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சும் 12 வோல்ட் வேக்குவம் பம்ப், 80 வாட், 10 நிமிடம்: 13 வாட்-அவர்
யூவி விளக்கு, 12 வாட், இரண்டு கட்டமாக 15 நிமிடம்: 3
வேலை விளக்கு, 10 வாட், 40 நிமிடம்: 7
சின்ன ஃபேன், 15 வாட், 45 நிமிடம்: 11
போன் சார்ஜ்: 5

மொத்தம் 39. டிரில்லுக்குச் சொந்த பேட்டரி இருப்பதால் அதைச் சேர்க்கவில்லை. ஃபேனை ஆடம்பரம் என்று நினைக்க வேண்டாம். காற்றில்லாத பேஸ்மென்டில் நெற்றி வியர்வை கல்லடியில் சொட்டினால் மறுபடி முதலிலிருந்து உலர்த்த வேண்டியதுதான்.

12 வோல்ட் டிசி வழியாகவே எடுத்தால் இழப்பு பத்து சதவீதம் என்று வைத்து, ஒரு காருக்கு 43 வாட்-அவர், ஐந்து காருக்கு 215. பேட்டரி பழசாகி 80 சதவீதத்துக்கு இறங்கிய பிறகும் இது தாங்க வேண்டுமென்றால் 270 வேண்டும். கொஞ்சம் கையிருப்பும் சேர்த்து 300 முதல் 350 வாட்-அவர் வாங்கினால் நிம்மதி.

அதே வேலையை 230 வோல்ட் ஏசி சாக்கெட்டில் அடாப்டர் போட்டுச் செய்தால் கணக்கு மாறும். சும்மா இருக்கும்போதே இன்வெர்ட்டர் 10 வாட் அளவுக்குத் தின்னும். மாற்றும் இழப்பு வேறு. ஒரு காருக்கு 53 வரை போகும். 12 வோல்ட் கருவிக்கு ஏசி வழியாக மின்சாரம் கொடுப்பது காசைக் கரைப்பது.

ரெசினை உள்ளே தள்ளக் கையால் திருகும் இன்ஜெக்டர் மட்டும் வைத்திருப்பவருக்கு பம்ப் கிடையாது. ஃபேனையும் போன் சார்ஜையும் தவிர்த்தால் ஐந்து காருக்கு 50 வாட்-அவர்தான். சீரான 12 வோல்ட் அவுட்புட் உள்ள 20,000 எம்ஏஎச் பவர்பேங்க் போதும். பெரியதை வாங்கிச் சுமக்காதீர்கள்.

ஹீட் கன்னை மறந்துவிடுங்கள். அது 1,500 வாட்டுக்கு மேல் இழுக்கும், 300 வாட் பவர் ஸ்டேஷன் (சாக்கெட்டுகளோடு வரும், தூக்கிச் செல்லும் பேட்டரிப் பெட்டி) உடனே கைவிட்டுவிடும். மின்சாரம் இருந்தாலும் கல்லடியில் சட்டென்று சூடேற்றினால் விரிசல் ஓடும்.

எம்ஏஎச்சை எப்படிப் படிப்பது

80,000 எம்ஏஎச் என்று போட்டிருந்தால் அது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. 80 ஆம்பியர்-அவரை 3.7-ஆல் பெருக்கினால் 296 வாட்-அவர். 12 வோல்ட்டில் அது 25 ஆம்பியர்-அவருக்கும் குறைவு. வாட்-அவர் எங்குமே அச்சிடாத பொருளை வாங்காமல் இருப்பது நல்லது.

எந்த வகை

பழைய 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் லெட் ஆசிட் பேட்டரி விலை குறைவு. ஆனால் அதில் பாதிக்கு மேல் எடுத்தால் ஆயுள் போகும், 84 வாட்-அவரில் 40 தான் கைக்கு வரும். எடுக்க எடுக்க வோல்டேஜும் சரிந்துகொண்டே போகும். இந்த வேலைக்கு ஆகாது.

லித்தியம் இரும்பு பாஸ்பேட், கடைக்காரர்கள் எல்எஃப்பி என்பார்கள், அதுதான் சரியானது. முழுக்க இறங்கப் போகும்வரை 13 வோல்ட்டை ஒட்டியே நிற்கும், சூட்டையும் மற்ற லித்தியம் வகைகளைவிட நன்றாகத் தாங்கும். 250 வாட்-அவர் பவர் ஸ்டேஷன் மூன்றரை கிலோ அளவில் இருக்கும். இன்வெர்ட்டரே வேண்டாம் என்பவர் 12.8 வோல்ட் 25 ஆம்பியர்-அவர் எல்எஃப்பி பேட்டரியை ஒரு பெட்டியில் வைத்து, பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே 15 ஆம்பியர் ஃபியூஸ் போட்டு, இரண்டு 12 வோல்ட் சாக்கெட் இழுத்துக்கொள்ளலாம். இதற்கு எல்எஃப்பி சார்ஜர்தான் வேண்டும்; கார் பேட்டரி சார்ஜரை மாட்டாதீர்கள்.

18 வோல்ட் டிரில் பேட்டரியில் 12 வோல்ட் அடாப்டர் மாட்டுவது நல்ல யோசனைதான், 5 ஆம்பியர்-அவர் என்றால் 90 வாட்-அவர். ஆனால் பல பிராண்டுகளில் பேட்டரி காலியாவதைப் பார்த்து நிறுத்துவது டிரில்தான், பேட்டரி அல்ல. மலிவான அடாப்டருக்கு அந்த அறிவு கிடையாது. செல் சாகும்வரை உறிஞ்சும். குறை-வோல்டேஜ் கட்-ஆஃப் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். பேட்டரி இறங்கிய காரைக் கிளப்பும் ஜம்ப் ஸ்டார்ட்டர் சில நொடிகள் பெரிய கரண்ட் கொடுப்பதற்காகச் செய்தது, விளக்குக்கு வேண்டாம்.

யூஎஸ்பி-சியிலிருந்து 12 வோல்ட் எடுக்கும் கேபிளிலும் கவனம் தேவை. யூஎஸ்பி பவர் டெலிவரி முறையில் 5, 9, 15, 20 வோல்ட்தான் கட்டாயப் படிகள், 12 அல்ல. பவர்பேங்கில் 12 இல்லையென்றால் கேபிள் சத்தமில்லாமல் 9-க்கு இறங்கிவிடும். விளக்கு எரியும், ஆனால் இறுக்காது.

எங்கே கோளாறு வருகிறது

அதிகம் ஏமாற்றுவது தானாக அணையும் வசதி. பல பவர் ஸ்டேஷன்கள், பவர்பேங்குகள் இழுக்கும் மின்சாரம் குறைவாக இருந்தால் யாரும் பயன்படுத்தவில்லை என்று எண்ணி அணைந்துவிடும். 12 வாட் விளக்கு சில மாடல்களின் கண்ணில் ஒன்றுமே இல்லாத மாதிரி. விளக்கு கண்ணாடியில் குப்புறக் கிடப்பதால் அணைந்தது தெரியாது. இப்படித் தானாக அணைக்கும் ஈகோ (மின்சிக்கன) மோடை அணைத்து வையுங்கள், அணைக்க முடியாத மாடலை வாங்காதீர்கள்.

அடுத்தது கேபிள். 0.75 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 5 மீட்டர் இழுத்து 10 ஆம்பியர் எடுத்தால் போக வர 2.3 வோல்ட் வழியிலேயே போய்விடும். 13 வோல்ட் மறுமுனையில் 10.7. அதையே 2.5 சதுர மில்லிமீட்டராக்கினால் இழப்பு 0.7 தான். பம்ப்புக்கும் விளக்குக்கும் தனித்தனி கேபிள் போடுங்கள். சிம் லிம் டவர் கடைகளில் கம்பி, ஃபியூஸ், சாக்கெட் எல்லாம் கிடைக்கும்.

மூன்றாவது, பம்ப் கிளம்பும் நொடி. ஓடும்போது 7 ஆம்பியர் எடுக்கும் மோட்டார் கிளம்பும்போது மூன்று நான்கு மடங்கு கேட்கும். 10 ஆம்பியர் போர்ட் கட்டாகிவிடும். வால்வைத் திறந்துவைத்துப் பம்ப்பைக் கிளப்பி, ஓடத் தொடங்கியதும் மூடினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

வாங்கியதும் சோதனை

1. முழு சார்ஜில் மல்டிமீட்டரைக் கருவியின் முனையில் பிடியுங்கள், பேட்டரி முனையில் அல்ல. பம்ப், விளக்கு இரண்டும் ஓடும்போது 11.5 வோல்ட்டுக்குக் கீழே போனால் கேபிளை மாற்றுங்கள்.
2. இரண்டு 21 வாட் பிரேக் பல்பை வாட் மீட்டர் வழியாக மாட்டி, அணையும்வரை விடுங்கள். மீட்டர் காட்டும் வாட்-அவர்தான் உங்கள் உண்மையான கொள்ளளவு. எழுதி வையுங்கள்.
3. சார்ஜ் 15 சதவீதம் இருக்கும்போது உடைத்துப் போடப் போகும் பழைய கண்ணாடியில் ஒரு கல்லடியை அடைத்து, விளக்கு வைத்து, பிளேடை நேராக நிறுத்திச் சுரண்டுங்கள். வெள்ளையாக, உலர்ந்த துருவல் வந்தால் நன்றாக இறுகியிருக்கிறது. பிளேடில் ஒட்டிக்கொண்டு சவ்வுபோல் இழுத்தால் விளக்குக்கு மின்சாரம் போதவில்லை, அல்லது விளக்கின் அலைநீளம் ரெசினுக்குப் பொருந்தவில்லை. முழு சார்ஜில் இன்னொன்றைச் செய்து பார்த்தால் எது காரணம் என்று தெரிந்துவிடும்.

சூடும் சார்ஜும்

ஊபி, காக்கி புக்கிட் பக்கம் திறந்தவெளியில் நிற்கும் வேனுக்குள் நண்பகலில் 50 டிகிரி தாண்டும். லித்தியம் பேட்டரிகள் பலவற்றுக்குச் சார்ஜ் ஏற்றும் வரம்பு 40 அல்லது 45 டிகிரிதான். அதனால் சாப்பிடப் போகும்போது பேட்டரியை வண்டியில் விடாமல் கையோடு எடுத்துப் போங்கள். சூடாக இருந்தால் ஒரு மணி நேரம் ஆறவிட்டு ஏற்றுங்கள். ஓட்டும்போது ஏசி போட்ட வண்டியில் ஏற்றுவது நல்லது: 12 வோல்ட் சாக்கெட்டில் 100 வாட் கிடைத்தால் துவாஸிலிருந்து பாசிர் ரிஸ்வரை 45 நிமிடத்தில் 75 வாட்-அவர், கிட்டத்தட்ட இரண்டு காருக்கான மின்சாரம்.

வீட்டில் ஏற்றும்போது வாசற்கதவுப் பக்கம் வைக்காதீர்கள். தீப்பிடித்தால் வெளியேறும் வழியே அடைபடும். இரவில் செருகிவிட்டுத் தூங்காதீர்கள். வேலையில்லாத வாரங்களில் பாதி சார்ஜில் வையுங்கள்.

இரண்டாவது சோதனையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி செய்யுங்கள். கிடைக்கும் வாட்-அவர் உங்கள் ஒரு நாள் கணக்கைத் தொட்டுவிட்டால் அந்த பேட்டரியை வேலை விளக்குக்கும் ஃபேனுக்கும் ஒதுக்கிவிட்டு யூவிக்குப் புதியது வாங்குங்கள். உப்பிய பேட்டரியை அதற்கும் வைக்காதீர்கள், மின்கழிவுத் தொட்டியிலும் போடாதீர்கள். முனைகளில் டேப் ஒட்டி, வாங்கிய கடையில் கேட்டு ஒப்படையுங்கள்.