'லுக் ஃபோர்வேட் டு': கடைசி வரியில் விடக்கூடாத பிழைகள்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்திக்குக் கிட்ட இருக்கும் என் தட்டச்சுக் கடைக்கு வாரம் நாலைந்து பேராவது ஆங்கில விண்ணப்பக் கடிதத்தோடு வருகிறார்கள். பெரும்பாலும் கம்பஸ் (பல்கலைக்கழகம்) முடித்த பிள்ளைகள். கடிதம் நன்றாகத்தான் இருக்கும். கடைசி வரிக்கு வந்தால், அந்தக் காலத்தில் நான் விட்ட அதே பிழை: 'ஐ லுக் ஃபோர்வேட் டு ஹியர் ஃப்ரொம் யூ.' உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன் என்று சொல்ல வந்த வரி. எழுத்துப்பிழைக்குக் கணினியே சிவப்புக் கோடு போட்டுவிடும், அதை விடுங்கள்.

'டு'வுக்குப் பிறகு 'ஹியர்'

'ஹியரிங்' என்றுதான் வரவேண்டும். பள்ளியில் 'டு கோ, டு ஈட்' என்று பாடமாக்கிய பழக்கத்தில் கை தானாக 'டு ஹியர்' என்று எழுதிவிடுகிறது. ஆனால் 'டு' இரண்டு வேலை செய்யும். 'ஐ வோன்ட் டு கோ'வில் அது வினையோடு ஒட்டியது. 'போக விரும்புகிறேன்' என்பதில் வரும் 'போக' மாதிரி. 'லுக் ஃபோர்வேட் டு'வில் வருவதோ நமது 'கு' உருபு போன்றது. 'கேட்கவுக்கு' என்று யாரும் சொல்வதில்லை. 'கேட்பதற்கு' என்று வினையைப் பெயராக்கிவிட்டுத்தான் 'கு' சேர்க்கிறோம். அந்தப் பெயராக்கும் வேலையை ஆங்கிலத்தில் 'இங்' செய்கிறது.

சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் ஒரு பெயர்ச்சொல்லை வைத்துப் பாருங்கள். 'லுக் ஃபோர்வேட் டு யுவர் ரிப்ளை' சரியாக நிற்கிறது; அப்படியானால் வினை வரும்போது 'இங்' வேண்டும். 'வோன்ட் டு யுவர் ரிப்ளை' நிற்காது. அங்கே 'இங்' வராது. 'ஐ ஆம் யூஸ்ட் டு வேர்க்கிங் அட் நைட்' என்பதற்கும் இதே கணக்குத்தான்.

2010ஆம் ஆண்டு. போர் முடிந்து, யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை திறந்து, தொண்டு நிறுவனங்கள் இங்கே ஆள் எடுத்துக்கொண்டிருந்த நேரம். ஒரு மாதிரிக் கடிதம் அடித்து வைத்திருந்தேன். பெயரையும் பதவியையும் மட்டும் மாற்றிக் கொடுப்பேன். நேர்முகத் தேர்வுக்குப் போன ஒரு தங்கச்சி, ஃபைலோடு திருப்பிக் கொடுத்த கடிதத்தைக் கொண்டுவந்து காட்டினாள். 'ஹியர்' என்ற சொல்லைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம்.

"அண்ணா, மூண்டு பேற்ற கடிதத்திலயும் இதே வட்டம்தான். ஒரே கடையிலயோ அடிச்சனீங்கள் எண்டு கேட்டவை."

மூன்றும் நான் அடித்தவை. ஆங்கிலத்தில் அறிக்கை எழுதும் வேலை அது, மூவருக்கும் கிடைக்கவில்லை. அன்றிரவே மாதிரியைத் திருத்தினேன். ஆனால் பழையதைப் போட்டோக்கொப்பி எடுத்து வைத்திருந்தவர்களின் தம்பி தங்கைகள் இன்றைக்கும் அதைப் பார்த்து எழுதிக்கொண்டு வருகிறார்கள். அதைக் காணும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது. உங்கள் வீட்டில் அந்தக் கொப்பி இருந்தால் தயவுசெய்து கிழித்துவிடுங்கள்.

'ஐ ஆம் லுக் ஃபோர்வேட்'

'ஐ லுக்', இல்லாவிட்டால் 'ஐ ஆம் லுக்கிங்'. விண்ணப்பத்துக்கு முதலாவது பொருந்தும்.

விரும்பாத விஷயத்துக்கு எழுதுவது

இந்தத் தொடருக்குள் ஆசையோடு எதிர்பார்ப்பது என்ற பொருள் இருக்கிறது. சத்திரசிகிச்சைக்கு லீவு கேட்ட ஆசிரியை ஒருவர் 'ஐ லுக் ஃபோர்வேட் டு மை ஒப்பரேஷன்' என்று எழுதிவந்தார். 'மை ஒப்பரேஷன் இஸ் ஒன் மண்டே' என்று மாற்றிக் கொடுத்தேன்.

பதில் தேவைப்படாத கடிதத்தில்

எழுதவே வேண்டாம்.

அப்புறம், கையெழுத்துக்கு மேலே

'டியர் சேர்' என்று தொடங்கினால் 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி'. பெயரைப் போட்டுத் தொடங்கினால் 'யுவர்ஸ் சின்சியர்லி'.