ஜீப்புக்கு அடியில பிரஷர் வாஷ் அடிக்கப் போறீங்களா, கன்னை எடுக்கறதுக்கு முன்னாடி இத படிங்க

சென்னைக்கு வடக்க கடலோரமா பழவேற்காடு பக்கமோ காட்டுப்பள்ளி பக்கமோ போயிட்டு வந்தா வண்டிய மேலாப்ல பார்த்தா வெறும் தூசிதான் தெரியும், குனிஞ்சு அடியில பார்த்தாதான் விஷயம் புரியும். சேஸிஸ் உள்ள, லீஃப் ஸ்ப்ரிங் தகடு நடுவுல, ஆக்சில் மேலன்னு எல்லா எடத்துலயும் உப்பு சேறு அப்பியிருக்கும், அதுலயும் எண்ணூர் பக்கமா வந்திருந்தா அனல் மின் நிலையத்து சாம்பலும் சேந்து சிமென்ட் மாதிரி காஞ்சி போயிருக்கும். இத பார்த்ததும் நம்மாளு என்ன பண்ணுவான், நேரா வாட்டர் சர்வீஸ்ல விட்டு "அடிச்சு ஊத்து தம்பி"ன்னுவான். நானும் அப்படித்தான் பண்ணேன்.

என்னோடது பழைய ஜிப்ஸி. மத்தியானம் பொன்னேரி வழியா வந்து ஆக்சில் சூடு ஆறாமலே ஒரு கடையில விட்டேன், பையன் கன்னை டிஃப்ரன்ஷியல் (ஆக்சில் நடுவுல உருண்டையா இருக்கற கியர் பெட்டி) கிட்டக்க வச்சு அடிச்சான், நான் பக்கத்துல நின்னு டீ குடிச்சிட்டு இருந்தேன். ஒரு மாசம் கழிச்சு தண்டையார்பேட்டைல நம்ம மெக்கானிக் அண்ணன் ஆயில் மாத்த நட்ட கழட்டினா உள்ளருந்து ஆயில் பால் கலந்த கலர்ல வருது. "இன்னா தம்பி, டிஃப்ரன்ஷியல்ல டீ போட்டு வச்சிருக்க"ன்னார். அவர் சொல்லித்தான் புரிஞ்சுது, சூடா இருக்கற ஆக்சில் மேல பச்சத்தண்ணி பட்டா உள்ள இருக்கற காத்து சட்டுனு சுருங்கும், அது சீல் வழியாவும் ப்ரீதர்ங்கற காத்து போற துவாரம் வழியாவும் வெளிய இருக்கற தண்ணிய உறிஞ்சுக்கும். அதனால முதல் வேலை, வண்டிய நிழல்ல நிறுத்தி ஒரு மணி நேரம் சும்மா விடுங்க. கையால தொட்டா சுடக்கூடாது. பிரேக் டிஸ்க், சைலன்சர் பைப்புக்கும் இதே கதைதான், சூட்டுல தண்ணி பட்டா டிஸ்க் கோணிக்க வாய்ப்பு இருக்கு.

அடுத்தது தண்ணி. இத யாரும் யோசிக்கறதே இல்ல. திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் நிறைய வீட்டு போர் தண்ணி உப்புதான், மீஞ்சூர் பக்கம் நிலத்தடியிலயே கடல் தண்ணி ஏறினது ஊருக்கே தெரியும், அந்த தண்ணியில கழுவினா உப்ப எடுத்துட்டு உப்ப வைக்கறீங்க அவ்ளோதான். நாக்குல ஒரு சொட்டு வச்சா தெரிஞ்சிடும். நான் மெட்ரோ தண்ணிய 200 லிட்டர் டிரம்ல புடிச்சு வச்சு அதுலருந்து மிஷினுக்கு எடுப்பேன். வீட்டு மிஷின் நிமிஷத்துக்கு சுமார் 6 லிட்டர் இழுக்கும், ஒரு டிரம் அரை மணி நேரத்துக்கு மேல வரும், போதும். டிரம் அடியில மண் இருந்தா பம்ப் போயிடும், இழுக்கற டியூப்ல ஃபில்டர் மாட்டிக்கோங்க.

கன் எடுக்கறதுக்கு முன்னாடி சாதா ஹோஸ்ல அடி முழுக்க நனைச்சு இருவது நிமிஷம் ஊற விடுங்க. உப்பு தண்ணியில தானா கரையற சாமான், அதுக்கு பிரஷர் தேவையே இல்ல, நிறைய தண்ணிதான் வேணும். பிரஷர் சேத்த பேக்கறதுக்கு மட்டும். சேஸிஸ்ல ஓட்டை ஓட்டையா இருக்கும் பாருங்க, அதுல ஒரு பக்கம் ஹோஸ நுழைச்சு மெதுவா திறந்து விடுங்க, அந்தப் பக்கம் முதல்ல கருப்பா வரும், அப்புறம் மணல், சமயத்துல சிப்பித் தூள் கூட வரும், தெளிஞ்ச தண்ணி வர்ற வரைக்கும் விடணும். துரு உள்ளருந்துதான் ஆரம்பிக்கும், வெளிய எவ்ளோ பளபளன்னு இருந்தாலும்.

நாசில்ல வெள்ளை இல்லன்னா பச்சை மாட்டுங்க, அதாவது 40 டிகிரி, 25 டிகிரி. செவப்பு 0 டிகிரி, அத டப்பாவுலயே வச்சிடுங்க, வண்டிக்கு அது வேலைக்கே ஆகாது. வெறும் இரும்புக்கு ஒரு சாண் தூரம், ரப்பர், சீல், ஒயர் இருக்கற எடத்துல ஒரு முழம். ஆக்சில் பூட், ப்ரொபெல்லர் ஷாஃப்ட் ஜாயின்ட், வீல் சென்சர் ஒயர், கனெக்டர், ஆல்டர்னேட்டர் இதெல்லாம் நேரா அடிக்காதீங்க, கைப்பிரஷ் வச்சு தேச்சு ஹோஸ் தண்ணி விட்டா போதும். ரேடியேட்டர் ஃபின் பிரஷர்ல மடங்கிடும். டயர் பக்கவாட்டுலயும் கிட்ட வச்சு அடிக்காதீங்க.

இப்ப உயிர் விஷயம். ஜாக்கி மட்டும் போட்டு அடியில படுக்கவே படுக்காதீங்க, ராம்ப்ல ஏத்துங்க இல்ல ஸ்டாண்டு வைங்க, மத்த வீலுக்கு கட்டை குடுங்க, ஹேண்ட் பிரேக், கியர் ரெண்டும் போடுங்க. வளைஞ்ச லேன்ஸ் (கன் முனையில மாட்டற நீள குழாய்) தனியா விக்கறாங்க, அத வாங்கினா படுக்கற வேலையே மிச்சம். கண்ணுக்கு பாதுகாப்பு கண்ணாடி கட்டாயம், மேல அடிக்கற கல்லு நம்ம மூஞ்சிக்கேதான் திரும்பி வரும். மூணு பின் ப்ளக், எர்த் சரியா இருக்கணும், 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா லைன உடனே கட் பண்ற ஸ்விட்ச்) இருக்கற லைன்ல போடுங்க, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ தண்ணி தேங்கற எடத்துல கிடத்தாதீங்க.

கன் முனையில விரல் வைக்கறது, கை மேல அடிச்சு பாக்கறது எல்லாம் வேணாம் பா. தோல்ல ஊசி குத்தின மாதிரி சின்னதா ஒரு புள்ளிதான் தெரியும், வலி கூட பெருசா இருக்காது, ஆனா தண்ணியும் அழுக்கும் உள்ள தசை வரைக்கும் போயிருக்கும், சில மணி நேரத்துல விரலே போற நெலமை வரலாம். ஒரு ப்ளாஸ்திரி ஒட்டிட்டு வீட்ல உக்காராம உடனே ஆஸ்பத்திரி போயி, பிரஷர் கன்னுல பட்டுச்சுன்னு சொல்லணும். நம்ம ஸ்டான்லியில கைக்குன்னே தனி டிபார்ட்மென்ட் இருக்கு.

கழுவி முடிச்சதும் அப்படியே நிறுத்தாம ஒரு ரவுண்டு மெதுவா ஓட்டி நாலஞ்சு வாட்டி பிரேக் அழுத்தி காய வைங்க, முதல் பிரேக் புடிக்காத மாதிரி இருக்கும், அதனால காலி ரோடா பாத்துக்கோங்க. கிரீஸ் நிப்பிள் (கிரீஸ் ஏத்தற சின்ன மூக்கு) இருந்தா புது கிரீஸ் வெளிய வர்ற வரைக்கும் அடிங்க. கடையில "டீசல் அடிக்கவாண்ணே"ன்னு கேப்பாங்க, வேணாம்னுடுங்க. பளபளன்னு இருக்கும், ஆனா புஷ் ரப்பர் ஊதிப்போகும், அடுத்த தூசி மொத்தமும் அதுலயே ஒட்டும், பிரேக்ல பட்டா இன்னும் மோசம்.

ஒரு வாரம் கழிச்சு டிஃப்ரன்ஷியல் ஃபில்லர் நட்ட, அதாவது ஆயில் ஊத்தற ஓட்டை மூடிய, கழட்டி சுண்டு விரல் விட்டு தொட்டுப் பாருங்க. ஆயில் ஆயிலாவே இருந்தா மூடிடுங்க. டீ கலர்ல இருந்தா ஓட்டாம மெக்கானிக்க கூப்டுங்க.